பீங்கானும் பால்மரமும்

ஹிஜ்ரி 237-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 851-இல், அரபு மொழியில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. சீனத்தையும் இந்தியாவையும் பற்றிய செய்திகள் என்னும் பொருள்பட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்று அதனை அழைப்பர். எழுதியவர் யாரென்று நூலில் இல்லை. சுலைமான் என்னும் வணிகர் ஒருவரின் பெயர் அதனுள் வருவதைக் கொண்டு நூல் முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிட்டவர்களும் உண்டு. பிற்காலத்தில் ஸீராஃப் துறைமுகத்தவரான அபூ ஸைத் என்பவர் இதற்கு ஓர் இரண்டாம் பகுதியை எழுதிச் சேர்த்தார். இதன் பழைய கையெழுத்துப் பிரதி பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1718-இல் பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்ட பிறகே மேலை உலகம் இதனை அறிந்தது.

மதரஸாவில் ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவதற்கு முன் கிடைக்கும் சில நாட்களில், பாடத்திட்டத்தில் இல்லாத இந்நூலின் சில பக்கங்களை மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். மஸ்கட்டிலிருந்து கூலம் எனப்பட்ட கொல்லத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம். அங்கிருந்து கலாபார் என்னும் துறைக்கு மேலும் ஒரு மாதம். பின்னர் தியூமா தீவு, சம்பா நாடு, முடிவில் கான்ஃபூ. இவ்வாறு வழி சொல்லிச் செல்லும் அந்நூல், கொல்லத்தில் சீனக் கப்பல்களிடம் 1,000 திர்ஹம் தீர்வை வாங்கப்பட்டதையும் கூறும். சீனர் ஒருவகை மண்ணால் கண்ணாடி போன்ற மெல்லிய குவளைகளைச் செய்வர் என்றும், மண்ணேயாயினும் உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் என்றும் வியந்துரைக்கும். இவ்வரிகளுக்குப் பொருள் சொல்லிச் சொல்லி நாவு பழகிவிட்டதே தவிர, அக்குவளைகளையோ அவற்றை ஏற்றிச் சென்ற கப்பலையோ நான் கண்டவனல்லன். காண்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கும் என்றும் எண்ணியவனல்லன்.

2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17, திங்கட்கிழமை அமைந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாட்கள் தொடர் விடுமுறை. என் தங்கை மகள் அங்கே குடும்பத்துடன் வாழ்கிறாள். "மாமா, இந்தப் பெருநாளைக்காவது வந்து எங்களோடு இருங்கள்" என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தவளுக்கு இம்முறை மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. அழைப்பில் இன்னொரு காரணமும் அடங்கியிருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

சனிக்கிழமை முற்பகல் மருமகன், மருமகள், அவர்களுடைய பன்னிரண்டு வயது மகன், நான் என நால்வரும் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்திற்குச் சென்றோம். ஆங்கிலேயர் காலத்தில் அரசு அலுவலகமாக எழுந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் 2003-இல் அரும்பொருளகம் குடிபுகுந்தது. சிற்பங்களும் துணிகளும் நகைகளும் நிறைந்த கூடங்கள் பல அங்கே உண்டு. அவற்றைப் பற்றி எழுத வல்லவர் பலர் இருக்கின்றனர். நான் ஒரே கூடத்தில் இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டேன். என் வீட்டார் பொறுமையை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள், ஆழமற்ற கடலடியில் பீங்கான் குவியல் ஒன்றைக் கண்டனர். தோண்டிப் பார்க்கையில் அது ஒரு கப்பல். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரும்பாணியின்றிப் பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. ஆப்பிரிக்க மரமும் இந்தியத் தேக்கும் அதில் கண்டறியப்பட்டன. ஆகவே, அது சீனக் கப்பலன்று. அரபிக் கடலோரத்தார் கட்டும் முறையில் கட்டப்பட்ட கப்பல். அதனுள் இருந்த கலங்கள் ஏறத்தாழ 60,000. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சீனாவின் ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா சூளைகளில் வெந்த சிறு கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருந்தமையால், பல ஆயிரம் கிண்ணங்கள் கீறலின்றிக் கிடைத்தன.

அக்கிண்ணங்களுள் ஒன்றன் புறத்தே சூளைக்காரர் ஒருவர் நாளைக் கீறி வைத்திருக்கிறார். தாங் மரபுப் பேரரசரின் பாவ்லி ஆட்சியாண்டு இரண்டு, மாதம் ஏழு, நாள் பதினாறு. நம் கணக்கில் கி.பி. 826. ஹிஜ்ரி 211 என்று மனத்திற்குள் கணக்கிட்டுப் பார்த்தேன். பக்தாதில் கலீபா மஃமூனின் ஆட்சி. இமாம் ஷாஃபிஈ மறைந்து ஏழாண்டுகள். இமாம் புகாரி மீசை அரும்பும் பருவத்து இளைஞர். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தே காலத்தை அளந்து பழகிய என்னைப் போன்றவனுக்கு, அந்தக் கிண்ணம் உடனே தன் இடத்தில் போய் அமர்ந்துவிட்டது. அக்பார் நூல் எழுதப்படுவதற்குச் சரியாக 25 ஆண்டுகளுக்கு முன் வெந்த மண் அது. நான் பாடம் சொன்ன நூலின் ஆசிரியர் தம் இளமையில் இதே போன்ற சரக்கு ஸீராஃபில் இறங்கக் கண்டிருக்கக் கூடும்.

கூடத்தின் நடுவில், கடல் அலைபோல் கிண்ணங்களை வரிசை வரிசையாக வைத்திருக்கின்றனர். ஒவ்வொன்றிலும் விரைந்த கையால் தீட்டிய ஓவியம்: பறவை, மீன், பூ, மேகம். சிலவற்றில் சீனக் கவிதை. வேறு சிலவற்றில், பார்த்த மாத்திரத்தில் என் கால்கள் நின்றுவிட்டன, அரபு எழுத்துப் போன்ற கோடுகள்.

"நன்னா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று பையன் கேட்டான்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிப் பார்த்தேன். அலிஃப் போல் ஒரு நிமிர்ந்த கோடு; இரண்டு லாம்கள் போல் இரு கோடுகள்; பின் ஒரு சுழிப்பு. அல்லாஹ் என்னும் திருப்பெயரை எழுத முயன்றது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆயினும் எழுத்தாகப் படிக்க வரவில்லை. எழுதியவருக்கு அரபு தெரியாது. வாங்குவோர் விரும்புவர் என்று யாரோ ஒரு மாதிரியைக் காட்டியிருக்க வேண்டும். அதனைப் பார்த்துப் பார்த்துக் கை போன போக்கில் வரைந்திருக்கிறார். "படிக்க முடியாது தம்பி. எழுதினவருக்கே தெரியாத எழுத்து" என்றேன். அவன் அதனை ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சீனக் கலங்களைக் கண்டு மயங்கிய பஸ்ரா நகரக் குயவர்கள், அந்த வெண்மையை நம் மண்ணில் எப்படிக் கொண்டுவருவது என்று முயன்று, வெள்ளீயம் கலந்த பூச்சொன்றைக் கண்டுபிடித்தனர். அதன்மேல் நீல நிறத்தால் சித்திரமும் எழுத்தும் தீட்டினர். கி.பி. 836-இல் தலைநகரான ஸாமர்ராவின் இடிபாடுகளில், 1911 முதல் 1913 வரை நடந்த அகழாய்வில் சீனக் கலங்களின் துண்டுகளும் உள்நாட்டுக் கலங்களின் துண்டுகளும் ஒருங்கே கிடைத்தன. பெலித்துங் கப்பலிலும் வெண்மண்ணில் நீலம் தீட்டிய மூன்று தட்டுகள் உள்ளன. முழுமையாகக் கிடைத்த சீன நீலவெண் கலங்களுள் இவையே பழமையானவை என்கின்றனர். அந்த நீலத்திற்கான கனிமம் பாரசீகப் பக்கத்திலிருந்து போனதாகக் கருதப்படுகிறது. அரபி எழுத்தைச் சீனர் வரைய, சீனர் மண்ணை அரபியர் போலி செய்ய, இரு கரைக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது கயிற்றால் தைத்த ஒரு மரக்கலம்.

சொற்களும் அம்மரக்கலத்தில் ஏறி வந்தவையே. பாரசீகத்தில் பிங்கான் என்றால் குவளை. அரபியில் அது ஃபின்ஜான் ஆயிற்று. மலாய்க்காரர் சோற்றுத் தட்டைப் பிங்கான் என்கின்றனர். நாம் பீங்கான் என்கிறோம். நம் வீடுகளில் பெருநாள் அன்று நால்வர் கூடி உண்ணும் சஹன், தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்லே.

கயிற்றால் தைத்த கப்பல் என்றதும் நாகூர்க் கடற்கரையில் வளர்ந்த எனக்கு வியப்பு மிகுதியாக இல்லை. சோழமண்டலக் கரையின் முரட்டு அலைகளில் ஆணியடித்த படகு உடைந்துபோகும் என்று, தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளைத்தான் சென்னைக் கரையில் ஆங்கிலேயரும் ஏறிப் பயன்படுத்தினர். அபூ ஸைத் ஒரு செய்தி கூறுகிறார். உமான் நாட்டார் தென்னை வளரும் தீவுகளுக்குச் சென்று, மரத்தை வெட்டிப் பலகையாக்கி, நாரைத் திரித்துக் கயிறாக்கித் தைத்து, அம்மரத்திலேயே பாய்மரமும் அதன் ஓலையிலேயே பாயும் செய்து, தேங்காயையே சரக்காக ஏற்றித் திரும்புவராம். 2010-இல் உமான் அரசு பெலித்துங் கப்பலை ஒத்த ஒரு தைத்த கப்பலைக் கட்டி, மஸ்கட்டிலிருந்து கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் செலுத்தி அன்பளிப்பாக வழங்கியது. நூலில் உள்ளவற்றைக் கட்டுக்கதை என்று நினைத்திருந்தோர்க்கு நல்ல விடை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இக்கப்பலின் சரக்கை மேலே எடுத்தது பல்கலைக்கழகமன்று. பொருள் விற்று இலாபம் காணும் ஒரு நிறுவனம். ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துச் சிங்கப்பூர் அதனை வாங்கியது. வாஷிங்டனில் 2012-இல் வைக்கவிருந்த கண்காட்சி, வணிக முறையில் எடுக்கப்பட்ட பொருளைக் காட்டுவது தகுமா என்ற எதிர்ப்பால் 2011-இலேயே நிறுத்தப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆயினும், சரக்கு துண்டு துண்டாக ஏலத்தில் சிதறிப் போகாமல் ஓரிடத்தில் இருப்பதனால்தான் நான் அதன் முன் நின்றேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அக்கூடத்தில் பொற்கிண்ணம் இருக்கிறது; அதன் எட்டுப் பட்டைகளில் இசைவாணர் இருக்கின்றனர். ஆனால் கப்பலின் பெயர் இல்லை. நகுதாவின் பெயர் இல்லை. கயிறு திரித்தவன், பாய் இழுத்தவன், சாடிக்குள் கிண்ணம் அடுக்கியவன், எவன் பெயரும் இல்லை. சீனத்திலிருந்து மேற்கே போகிற கப்பல் ஏன் அவ்வளவு தெற்கே பெலித்துங் பக்கம் போயிற்று என்பதிலும் ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. சொல்ல வேண்டியவர்கள் மூழ்கிவிட்டனர்.

நிற்க. மறுநாள் ஞாயிறு, அரஃபா நோன்பு. வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு வரலாம் என்று ஸஹர் உண்டு, ஸுபுஹு தொழுது, அங்குள்ள தமிழர் பூமலை என்றழைக்கும் தாவரவியல் பூங்காவிற்குச் சென்றோம். காலை 5 மணிக்கே திறந்துவிடுகின்றனர், நுழைவுக் கட்டணமில்லை. 1859-இல் அமைந்த அப்பூங்கா 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்நாட்டின் ஐந்து வெள்ளி நோட்டில் அச்சிட்டிருக்கும் தெம்புசு மரம் அங்கேதான் நிற்கிறது. நோட்டையும் மரத்தையும் பையன் மாறி மாறிப் பார்த்து ஒப்பிட்டான். ஆர்க்கிட் மலர்கள் எண்ணிறந்தவை. அழகில் எனக்குப் பகையில்லை. ஆயினும் நான் தேடியது வேறொரு மரத்தை.

1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கருகேயுள்ள கியூ பூங்காவிற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போக, 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, உள்மரம் புண்படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையைத் திணித்துப் பயிரிடச் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று தோட்டக்காரர்கள் நகைத்தனராம். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனர் முதன்முதலாக வணிக முறையில் தோட்டம் போட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருக, மலாயாவின் காடெல்லாம் ரப்பர் ஆயிற்று.

காட்டை அழித்து, லயத்தில் குடியிருந்து, விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று, மரம் சீவியவர்களுள் பெருந்தொகையினர் நம் தமிழ்நாட்டுக் கிராமத்தார். கங்காணி கூட்டி வந்த கூலிகள். காய்ச்சலில் மாண்டவர் தொகை பெரிது. மரத்தில் வடியும் பாலை ஏந்த ஒரு சிறு கிண்ணத்தைக் கட்டுவர். மலாய் மொழியில் கிண்ணத்திற்கு மங்குக் என்று பெயர். தோட்டத்துத் தமிழில் அது மங்கு. முதல் நாள் 60,000 மங்குகளைக் கண்டுவிட்டு வந்தவன், பூங்காவின் ரப்பர் மரத்தடியில் நின்று அச்சொல்லை நினைத்துக்கொண்டேன். அந்தப் பூங்காவில் ரிட்லிக்குப் பெயர் உண்டு.

இனி, என்னை அழைத்ததன் மற்றக் காரணம். என் தாயைப் பெற்ற நன்னா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி 1930-களில் மலாயா சென்றவர். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். போருக்குப் பின் சிங்கப்பூரில் கடை போட்டார். அவருக்குப் பின் என் தாய்மாமன். பின்னர் மாமன் மகனும் அவருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கையும். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் நன்னாவின் கணக்கேடு ஒன்று இருந்தது. எழுத்து அரபு, மொழி தமிழ். அரபியில் இல்லாத ப, ங, ஞ, ட போன்ற ஒலிகளுக்குப் புள்ளியிட்டு எழுத்து ஆக்கிக்கொண்டு நம் முன்னோர் எழுதிய அரபுத்தமிழ். குர்ஆன் ஓதத் தெரிந்த என் மருமகள் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்திருக்கிறாள், பொருள் கிட்டவில்லை. எறிவதா, வைப்பதா என்று தெரியாமல் எனக்காக வைத்திருந்தாள். அரும்பொருளகத்தைக் கண்டு வந்த ஊக்கத்தில் மருமகன், "மாமா, இதையும் இப்படி ஒரு கண்ணாடிப் பேழையில் வைக்கக் கொடுக்கலாமே" என்றார்.

ஞாயிறு பிற்பகல், நோன்புக் களைப்போடு அவ்வேட்டைப் பிரித்தேன். அரிசி 3 கட்டி, கருவாடு, மண்ணெண்ணெய், சுருட்டு. எதிரே வெள்ளி, காசு. தலைப்பில் கடன் கொண்டவரின் பெயரும் ஊரும். முசிறி, உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், பெரம்பலூர். இவர்கள் மரம் சீவியவர்கள். பையன் அருகில் அமர்ந்து, நான் படிக்கப் படிக்கத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான். பள்ளியில் தமிழ் படிப்பவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

1942-இன் கடைசிப் பக்கங்களில் ஒரு சொல் வரத் தொடங்கியது. முதலில் ஒரு பெயரின் பக்கத்தில். அடுத்த பக்கத்தில் நான்கு பெயர்களின் பக்கத்தில். சீன், யே, அலிஃப், மீம். சயாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அவ்வாண்டு முதல் 1943 அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டனர். போர்க்கைதிகளான வெள்ளையர் பட்ட துன்பத்தைப் புத்தகங்களும் திரைப்படமும் உலகறியச் செய்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கேதும் எடுக்கப்படவில்லை. நன்னாவின் ஏட்டில் சயாம் என்ற குறிப்போடு 31 பெயர்கள் உள்ளன. இரண்டு பெயர்கள் மட்டும் பிற்பாடு வேறு மையால் அடிக்கப்பட்டு, 'வந்தார், தந்தார்' என்று எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சிய 29 பேர் கொடுக்க வேண்டிய தொகை 212 வெள்ளி 40 காசு. நன்னா அதனைத் தள்ளவுமில்லை. கேட்டு எவர் ஊருக்கும் கடிதம் போட்டதாகவும் குறிப்பில்லை.

"மாமா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இவர்கள் எல்லோரும் கடன்காரர்களாக அல்லவா நிற்பார்கள்?" என்றாள் மருமகள்.

அவள் கேட்டது முறையான கேள்வி. அப்பெயர்கள் வேறு எங்கேனும் எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு எனக்கு நம்பிக்கையில்லை. மறைத்து வைத்தால் மறுபடியும் பெட்டிக்குள் போவார்கள். காட்டினால் அரிசியும் கருவாடும் கடன் வாங்கியவர்களாகக் காட்சியளிப்பார்கள். மார்க்கச் சட்டத்தில், மரணித்தவருக்கு வர வேண்டிய கடன் அவருடைய வாரிசுகளின் சொத்து. அதனை விட்டுக்கொடுக்கலாம், ஆயினும் ஒவ்வொரு வாரிசும் தன் பங்கைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். முதலில் கடனைத் தீர்ப்போம், பிறகு பெட்டியைப் பற்றிப் பேசுவோம் என்றேன்.

திங்கட்கிழமை பெருநாள். 1826-இல் நம் சூலியா வணிகர்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளியில் தொழுதுவிட்டு வந்து, சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டோம். உண்டபின் நன்னாவின் வழித்தோன்றல்களுள் இன்றிருக்கும் வாரிசுகளைக் காகிதத்தில் எழுதினேன், 14 பேர். நாகூர், சென்னை, பினாங்கு, கோலாலம்பூர் என்று இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெருநாள் வாழ்த்துச் சொல்லும்போதே செய்தியைச் சொல்லிக் கேட்டோம். சிலர் சிரித்தனர். என் மூத்த மச்சான் ஒருவர் 29 பெயர்களையும் படிக்கச் சொல்லி முழுதும் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். இஷா தொழுகைக்கு முன் 13 பேர் விட்டுக்கொடுத்துவிட்டனர். பினாங்கில் இருக்கும் இளைய தாய்மாமன் மகன் அன்று தொலைபேசியை எடுக்கவில்லை. நான் ஊர் திரும்பியபின் பையன்தான் அவரை அழைத்துக்கொண்டிருக்கிறான்.